விலாசம் யாருக்குச் சொந்தம்?

கண்ணால் பார்க்காத கடைக்காரரை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இந்தியாவில் ஏறத்தாழ நூற்றைம்பது வயது ஆகிறது. அதற்கு முதலில் பதில் சொன்னது தபால் துறை. 1877 டிசம்பரில் அது 'வேல்யூ பேயபிள் போஸ்ட்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. விற்பவர் பொருளைக் கட்டித் தபாலில் சேர்ப்பார். தபால்காரர் அதை வாங்குபவரின் வாசலுக்குக் கொண்டுவருவார். பணத்தை எண்ணிக் கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். அந்தப் பணத்தைத் தபால் துறை விற்றவருக்கு அனுப்பிவைக்கும். அமெரிக்கத் தபால் துறை இந்த வசதியைத் தன் மக்களுக்குக் கொடுத்தது 1913இல். பிரிட்டன் தன் உள்நாட்டுத் தபாலில் கொடுத்தது 1926இல். அதற்குள் நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கும் மேல் வி.பி. பார்சல் வாங்கிப் பழகிவிட்டிருந்தது.

இன்று செல்போனில் சேலையும் செருப்பும் வாங்கும்போது மக்களுக்கு வருகிற பயம் இரண்டு. பணம் போய்விடுமோ என்பது ஒன்று. நம்மைப் பற்றிய விவரம் யார் கைக்குப் போகிறதோ என்பது மற்றொன்று. இரண்டையும் இன்டர்நெட்டோடு வந்த பயங்கள் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் தபால் வேலையில் சேர்ந்து, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் துணை அஞ்சலகக் கவுண்டர்களிலேயே காலத்தைக் கழித்தவன் நான். என் அனுபவத்தில் இரண்டு பயமும் பழையவை. பழைய தபால் சட்டம் இரண்டுக்கும் பதில் வைத்திருந்தது. பணத்துக்கான பதிலை நாம் வளர்த்தெடுத்தோம். விவரத்துக்கான பதிலைக் கைவிட்டுவிட்டோம். அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வாசலுக்கு வந்த கடை

எண்பதுகளில் எங்கள் கவுண்டரில் வி.பி. வராத நாள் அரிது. சென்னையிலிருந்து ஜோதிடப் புத்தகங்களும் சமையல் புத்தகங்களும் வரும். சித்த வைத்தியசாலைகளிலிருந்து லேகியமும் தைலமும் வரும். காய்கறி விதைப் பொட்டலம் வரும். வட மாநிலத்திலிருந்து துணி சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை வைத்து, டிரான்சிஸ்டர் ரேடியோ வரும். சிவகாசியிலிருந்து காலண்டர் மாதிரிகளும் வாழ்த்து அட்டைகளும் வெளியூருக்குப் போகும். பட்டாசு மட்டும் போகாது. வெடிக்கிற, தீப்பிடிக்கிற பொருளைத் தபாலில் அனுப்பத் தடை உண்டு. அது லாரியில்தான் போகும்.

இந்த வியாபாரத்துக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் பெரிய துணை. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன், அதற்கு முன் விளம்பரத் தொழிலும் தபால்வழி விற்பனையும் செய்தவர். பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டம். பொருளின் பெயர், விலை, 'வி.பி.யில் அனுப்பப்படும்' என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்துத்தான் கிராமத்துக்காரர் கார்டு எழுதுவார். முன்பணம் கேட்டால் எழுத மாட்டார்.

வி.பி. அனுப்ப வருகிறவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பொருள் என்ன, வசூலிக்க வேண்டிய தொகை எவ்வளவு, அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார் என்பதோடு ஓர் உறுதிமொழியும் வேண்டும். உண்மையாகவே தனக்கு வந்த ஆர்டரின்படிதான் இதை அனுப்புகிறேன் என்று விற்பவர் கையெழுத்துப் போட வேண்டும். இது அஞ்சலகம் தானாக வைத்துக்கொண்ட வழக்கமில்லை. 1898ஆம் ஆண்டு இந்தியத் தபால் சட்டத்தின் 35ஆம் பிரிவு இந்த உறுதிமொழியைக் கேட்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. கேட்காத வீட்டுக்குப் பொட்டலம் அனுப்பிப் பணம் பறிக்கிற ஆட்கள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பிரிவே சாட்சி.

அதே 35ஆம் பிரிவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மோசடி நடந்திருந்தால், வாங்கியவரிடம் வசூலித்த பணத்தைத் தபால் துறை நிறுத்திவைத்து, அவருக்கே திருப்பிக் கொடுக்க விதி செய்யலாம். பணம் வாங்குபவர் கையைவிட்டுப் போன பிறகும் விற்பவர் கைக்குச் சேராமல் நடுவில் நிற்கிற ஒரு கட்டம் இருந்ததால் இது முடிந்தது. நடுவில் நின்றது அரசுத் துறை. அதற்கு ஊரில் ஒரு கட்டடமும், அந்தக் கட்டடத்துக்குள் கேள்வி கேட்கத்தக்க ஓர் ஆளும் இருந்தார்கள்.

பார்சல் வந்ததும் சிலர் நேரே கவுண்டருக்கு வந்துவிடுவார்கள்.

"ஐயா, உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு ரூவாயத் தரட்டுமா?"

"அது முடியாது தாயி. பணத்தைக் கட்டினாத்தான் பிரிக்கலாம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க, திருப்பி அனுப்பிருதோம்."

"இன்னிக்குக் கையில இல்லய்யா."

"ஏழு நாள் இங்கதான் இருக்கும். சம்பளம் வாங்கிட்டு வாங்க."

ஏழு நாள் கெடு பெரிய வசதி. அதற்குள் விசாரிப்பார்கள். அதே கம்பெனியில் முன்பு வாங்கியவர் பக்கத்து ஊரில் இருந்தால் ஆள் அனுப்பிக் கேட்பார்கள். திருப்தி இல்லையென்றால் வாங்க மாட்டார்கள். 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதிப் பொட்டலம் வந்த வழியே போகும். தபால் செலவு விற்றவருக்கு நஷ்டம். வாங்குகிறவர் ஒரு பைசா இழக்காமல் மறுக்கலாம் என்ற இந்த உரிமைதான் வி.பி.யின் உயிர்.

ஏமாற்று இல்லாமல் போய்விடவில்லை. ஒன்பது கட்டத்தில் எண்களை நிரப்பி எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து வரச் செய்யுங்கள், ரேடியோ பரிசு என்று பத்திரிகைகளில் விளம்பரம் வரும். பள்ளிக்கூடப் பையன்கூடப் போட்டுவிடக்கூடிய கணக்கு அது. விடை எழுதிய எல்லோருக்கும் 'நீங்கள் வென்றுவிட்டீர்கள், பேக்கிங் செலவும் வரியும் மட்டும் கட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று கடிதம் வரும். பின்னாலேயே வி.பி. வரும். பணம் கட்டிப் பிரித்தால் உள்ளே ஓடாத ரேடியோ இருக்கும், அல்லது வெறும் பிளாஸ்டிக் கூடு இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிச் சேர்த்த கூலியை ஒரு பெண் அப்படி இழந்து, அந்தக் கூட்டைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். உடனே புகார் எழுதினால் பணத்தை மறிக்க வழி இருக்கிறது என்று சொல்லி எழுதவைப்போம். எல்லாப் புகாரும் பலித்ததில்லை. ஆனால் புகாரை வாங்க மாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது.

கார்டில் எழுதாத விஷயம்

பணப் பயத்தைவிட அமைதியாக இருந்தாலும், இரண்டாவது பயம் அதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

இந்தியாவில் தபால் கார்டு வந்தது 1879இல். காலணாவுக்கு எந்த ஊருக்கும் எழுதலாம் என்பதால் அது பெரிதாகப் பரவியது. ஆனால் கார்டு திறந்த கடிதம். வழியில் பார்க்கிற எவரும் படிக்கலாம் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். அதனால் கார்டில் நலம் விசாரிப்பார்கள். சீர் கணக்கையும் சண்டையையும் கவரில் வைத்து ஒட்டுவார்கள். 1950இல் இன்லாண்டு கடிதம் வந்தபின் மூடி எழுதுவது இன்னும் மலிவானது. எதை யார் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று பிரித்துவைக்கும் புத்தி எழுதத் தெரியாதவர்களிடமும் இருந்தது. "இத மட்டும் கவர்ல எழுதுங்கய்யா" என்பார்கள்.

வி.பி.யிலும் அப்படித்தான். சில வைத்தியசாலைகளின் மருந்து எந்த நோய்க்கு என்பது அனுப்புநர் பெயரைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் விளம்பரத்திலேயே 'ரகசியம் காக்கப்படும்' என்று போடுவார்கள். மேலட்டையில் வைத்தியசாலையின் பெயர் இருக்காது. வீட்டுக்கு வந்தால் மாமியார் பிரித்துவிடுவார் என்று பயப்பட்ட மருமகள், பள்ளிக்கூட டீச்சர் பெயருக்கு, 'மேற்பார்வை' என்று எழுதிப் பார்சலை வரவழைப்பாள். சிலர் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள்: "அண்ணாச்சி, வந்தா வீட்டுக்குக் கொண்டாந்துராதீக. நான் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

தபால்காரருக்கு ஊரின் ரகசியம் அத்தனையும் தெரியும். யாருக்கு மணியார்டர் நின்றுவிட்டது, யார் வீட்டுக்குக் கோர்ட் கடிதம் வருகிறது, யார் எந்த மருந்து வாங்குகிறார் என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். பல வீடுகளில் கடிதத்தைப் படித்துச் சொல்வதும் அவர்தான். இவ்வளவு தெரிந்தும் அவர் வாய் திறக்காமல் இருந்ததற்கு அவருடைய நல்ல குணம் ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். 1898 சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, கடமைக்கு மாறாகத் தபாலைப் பிரிக்கிற, அல்லது வேண்டுமென்றே நிறுத்திவைக்கிற தபால் ஊழியருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடங்களில் இது ஒன்று. மூத்தவர்கள் இதைப் பயமுறுத்துகிற குரலில் சொல்லவில்லை. தொழிலின் மானம் என்றே சொன்னார்கள்.

அரசு அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கைகட்டி நின்றது என்று சொல்ல முடியாது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொது நெருக்கடியின்போதும் பொதுப் பாதுகாப்பின் பேரிலும் தபாலை இடைமறிக்க அரசை அனுமதித்தது. அந்த அதிகாரத்தை விரிவாக்கும் திருத்த மசோதாவை 1986இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையெழுத்திடாமல் வைத்துவிட்டார். பின்னர் 2002இல் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. கவுண்டரில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது பெரிய செய்தி. குடிமக்களின் கடிதம் என்பது நாட்டின் முதல் குடிமகன் பேனாவை மூடிவைக்கிற அளவுக்குக் கனமான விஷயம் என்று அன்று புரிந்தது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, விற்பவருக்கு வாங்குபவரைப் பற்றி என்ன தெரியும் என்பது. பெயர், தெரு, ஊர், தபால் ஆபீஸ். 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அதோடு ஆறு இலக்கப் பின்கோடு. அவ்வளவுதான். வாங்குபவரின் வயதோ, அவர் முன்பு வேறு யாரிடம் என்ன வாங்கினார் என்பதோ, இரவு எத்தனை மணிக்கு விழித்திருக்கிறார் என்பதோ தெரியாது. அவரைக் கூப்பிட்டுப் பேசவும் வழியில்லை. தபால்காரருக்கு நிறையத் தெரியும். அவரைச் சட்டம் கட்டியிருந்தது. வியாபாரிக்குக் கொஞ்சம்தான் தெரியும். இந்த இரண்டும் சேர்ந்துதான் வாங்குபவரைக் காத்தன.

பணத்துக்குப் போட்ட பூட்டுகள்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பைக் கொடுத்தது. 2000 அக்டோபரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2002 ஆகஸ்டில் ரயில் டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்றானது. பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்கள் கம்ப்யூட்டரில் பணம் கட்டியது முதன்முதலில் ரயில் டிக்கெட்டுக்குத்தான். பொருள் வாங்க அந்த அளவு துணிச்சல் வரவில்லை. 2007இல் பெங்களூரில் புத்தக விற்பனையாகத் தொடங்கிய ஃப்ளிப்கார்ட், 2010இல் 'கேஷ் ஆன் டெலிவரி' என்று அறிவித்த பிறகுதான் ஊர்ப்புறம் அந்தப் பக்கம் திரும்பியது. புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஆபீசில் அதைப் படித்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இது வி.பி.

கார்டில் பணம் கட்டுகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு பெரிய காவல் போட்டது. கார்டின் மேல் அச்சடித்திருக்கிற எண்கள் மட்டும் இருந்தால் போதாது, வாங்குபவருக்கு மட்டுமே தெரிந்த இன்னொரு விவரமும் வேண்டும் என்று 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. கடவுச்சொல்லாகத் தொடங்கிய அந்த இரண்டாவது பூட்டு, பிறகு செல்போனுக்கு வருகிற ஓ.டி.பி. ஆனது. பல பணக்கார நாடுகளில் கார்டு எண்ணைத் தட்டினாலே பணம் போய்க்கொண்டிருந்த காலம் அது. 2017 ஜூலை 6 அன்று வந்த சுற்றறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. வங்கியிலோ வாடிக்கையாளரிடமோ தவறு இல்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வாடிக்கையாளர் சொல்லிவிட்டால், அவருக்கு நஷ்டம் கிடையாது. பத்து வேலை நாளுக்குள் கணக்கில் பணம் திரும்ப வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் கடைகளும் செயலிகளும் நம் கார்டு எண்ணைத் தங்களிடம் சேமித்து வைக்கக்கூடாது. அதற்குப் பதிலாக ஒரு மாற்றுக் குறியீட்டை மட்டுமே வைத்திருக்கலாம்.

இவை நல்ல காவல்கள். வி.பி.யில் நடுவில் நின்று தபால் துறை செய்த வேலையின் தொடர்ச்சி என்றே இவற்றைப் பார்க்கிறேன். கார்டு எண்ணைத் திருடுகிறவனுக்கு இன்று அந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஆகவே திருடன் எண்ணை விட்டுவிட்டு ஆளிடம் வந்தான். ஓ.டி.பி. என்பது வாங்குபவர் வாயிலிருந்து வந்தாக வேண்டும். அவரைச் சொல்லவைக்க நம்பிக்கை வேண்டும். நம்பிக்கையை உண்டாக்க அவரைப் பற்றிய விவரம் வேண்டும். பணத்துக்குப் பூட்டு பலமாகப் பலமாக, விவரத்துக்குச் சந்தையில் விலை ஏறியது.

விவரத்துக்குப் போடாத பூட்டு

என் தங்கை சாத்தூரில் இருக்கிறாள். இரண்டு தீபாவளிக்கு முன்பு ஒரு செயலியில் சேலை வாங்கினாள். சேலை வந்த மறுநாள் போன்.

"அக்கா, நீங்க வாங்கின மாம்பழக் கலர் சேலைக்கு ஆஃபர் வெலை போடாம விட்டுட்டோம். முந்நூறு ரூபா ரிட்டன் வரணும். உங்க விலாசம் இதுதானக்கா?"

தெருப் பெயர் சரி. வீட்டு எண் சரி. நிறம் சரி. விலை பைசா சுத்தமாகச் சரி. செயலியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத விவரம் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? வந்த எண்ணைச் சொன்னாள். பதினெட்டாயிரம் போனது.

வங்கியில் கேட்டபோது, ஓ.டி.பி.யை நீங்களே சொன்னதால் இது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றார்கள். 2017 விதி அப்படித்தான் சொல்கிறது. ரகசிய எண்ணைத் தானே பகிர்ந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. ஆனால் சேலையின் நிறத்தையும் விலையையும் வீட்டு எண்ணையும் அந்தத் திருடனுக்குச் சொன்னது யார்? எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டோம். வங்கி கேட்கவில்லை. விற்றவரின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்ற பதிலோடு அது முடிந்தது.

இந்த விவரம் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். செயலி, அதில் கடை போட்டிருக்கிற வியாபாரி, அவருடைய கிடங்கு, கூரியர் நிறுவனம், அதன் உள்ளூர் ஒப்பந்தக்காரர், பைக்கில் வருகிற தம்பி. பைக் தம்பியைக் குறை சொல்வதில் பயனில்லை. வெயிலில் அலைகிறவர்களில் அவர்தான் மிகக் குறைவாகச் சம்பாதிக்கிறவர். பெரிய நிறுவனங்களின் கிட்டங்கியிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. 2020 நவம்பரில் பிக்பாஸ்கெட்டின் வாடிக்கையாளர் விவரங்கள், ஏறத்தாழ இரண்டு கோடிப் பேருடையவை, கசிந்து விற்பனைக்கு வந்ததாகச் செய்தி வந்தது. 2021இல் டோமினோஸ் இந்தியாவின் ஆர்டர் விவரங்கள் என்று, போன் எண்ணைத் தட்டினால் விலாசம் வரை காட்டுகிற ஒரு தேடுதளமே முளைத்தது. கார்டு விவரம் போகவில்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. போன எண்ணையும் விலாசத்தையும் யாரும் திரும்ப வாங்கித் தர முடியாது. கார்டை மாற்றலாம். வீட்டை மாற்ற முடியுமா?

கசிந்த விவரம் எந்தெந்த வழியில் திரும்பி வருகிறது என்பதைத் தெருவிலேயே பார்க்கிறேன். கேட்காத பார்சல் வருகிறது. பெயரும் போன் எண்ணும் சரியாக இருப்பதால், மகனோ மகளோ ஆர்டர் போட்டிருப்பார்கள் என்று நினைத்து வீட்டிலிருக்கிற முதியவர் பணம் கொடுத்துவிடுகிறார். உண்மையான ஆர்டர் என்று விற்பவரைக் கையெழுத்துப் போடவைத்த பழைய 35ஆம் பிரிவு எதற்காக எழுதப்பட்டதோ, அதே மோசடி. 'உங்கள் பார்சலில் விலாசம் முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த லிங்கில் சரிசெய்யுங்கள்' என்று இந்திய அஞ்சல் துறையின் பெயரிலேயே பொய்க் குறுஞ்செய்தி சுற்றுகிறது. துறை அப்படிச் செய்தி அனுப்புவதில்லை என்று அரசே அறிவிக்க வேண்டிவந்தது. தபால் துறைமேல் மக்கள் வைத்திருக்கிற நம்பிக்கையைத் திருடன் கருவியாக்கிவிட்டான். அந்தத் துறையில் வேலை செய்தவனுக்கு இதைவிட வேதனை கிடையாது.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் வட்டாரத்தின் பெயரையும் இழுக்கிறார்கள். சிவகாசி என்று போட்டு, பாதி விலைக்குப் பட்டாசு என்று போலி இணையதளங்கள் வரும். இணையவழி வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தடை போட்டிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு தளம் மறைந்துவிடும். உழைத்துப் பெயர் வாங்கிய ஊருக்கு அவப்பெயர்.

இன்றைய சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2020 ஜூலையில் வந்த இணையவழி வணிக விதிகள், ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரை வெளியிட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றன. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027இல், நடைமுறைக்கு வரும்.

அந்தச் சட்டத்தில் நல்லவை உண்டு. என்ன விவரம், எதற்காக என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். அதைத் தமிழில் படிக்கவும் உரிமை உண்டு. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். பாதுகாப்பாக வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம்.

ஆனால் அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகும். விவரத்தைப் பறிகொடுத்த என் தங்கைக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. கவனக்குறைவாக விவரத்தைக் கசியவிட்ட நிறுவனத்திடம் பாதிக்கப்பட்டவரே இழப்பீடு கேட்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு 2009 அக்டோபர் முதல் வழி வைத்திருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்குகிறது.

தபாலின் கதையும் அதே திசையில்தான் போயிருக்கிறது. 1898 சட்டத்துக்குப் பதிலாக அஞ்சலகச் சட்டம் 2023 வந்து, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. இடைமறிக்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. கடமைக்கு மாறாகத் தபாலைப் பிரிக்கிற ஊழியருக்கு இருந்த சிறைத் தண்டனை அதில் இல்லை. எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம் சட்டப் புத்தகத்திலிருந்தே போய்விட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. பணத்தை இழந்தவருக்கு மூன்று நாள் கெடு, பத்து நாளில் திரும்பக் கிடைக்கும் உறுதி என்று துல்லியமாக எழுதத் தெரிந்த நாடு, விவரத்தை இழந்தவருக்கும் அப்படி எழுத வேண்டும். கசியவிட்டவர் யார் என்று கண்டுபிடிப்பதை வாங்குபவர் தலையில் போடக்கூடாது. ஆர்டர் விவரத்தைச் சொல்லி ஒருவர் ஏமாற்றப்பட்டால், அந்த விவரம் தன்னிடமிருந்து போகவில்லை என்று விற்றவரே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் நஷ்டத்தில் அவருக்கும் பங்கு வர வேண்டும். பார்சல் மேல் போன் எண் முழுசாக அச்சாகக்கூடாது. கேட்காத பார்சலுக்குப் பணம் கொடுத்தவருக்கு அதைத் திருப்பித் தரும் பொறுப்பு, பணத்தை வசூலித்துக்கொண்டு போகிற நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். வி.பி. காலத்தில் அரசு தன் துறைக்கே விதித்துக்கொண்ட பொறுப்பை இன்று லாபம் பார்க்கிற நிறுவனத்துக்கு விதிக்கத் தயங்குவதில் நியாயம் இல்லை.

சட்டம் வரும்வரை வாசகர்கள் செய்யக்கூடியவை சில. உங்கள் ஆர்டரைப் பற்றி எவ்வளவு சரியாகச் சொன்னாலும், போனில் பேசுகிறவரிடம் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். சரியான விவரம் தெரிந்திருப்பது நேர்மைக்கு அத்தாட்சி ஆகாது. வீட்டில் யாரும் ஆர்டர் போடவில்லை என்றால் பார்சலை வாங்க மறுத்துவிடுங்கள்; மறுப்பது உங்கள் உரிமை. அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடும் முன் விலாசச் சீட்டைக் கிழித்தெடுங்கள். கடையில் பில் போடும்போது செல்போன் எண்ணைக் கட்டாயப்படுத்தினால் கொடுக்காதீர்கள். கட்டாயப்படுத்தக்கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லியிருக்கிறது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். 43ஏ பிரிவு கொடுத்த இழப்பீட்டு உரிமையைப் புதிய சட்டத்தில் சேர்க்கச் சொல்லி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். விலாசம் அதில் குடியிருப்பவருக்குச் சொந்தம். அதைப் பொருள் கொண்டுவர மட்டுமே கொடுத்தோம் என்பதை அந்தக் கடிதத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.